உண்மையான இறுதி

வெள்ளிக்கிழமைக்குள் அரைவாசியாவது அழிக்க வேணும் என்று
கணினிப் பிரிவு சுபாங்கன் சுற்றறிக்கை அனுப்பினான்.
அதையும் இணைப்பாகத்தான் அனுப்பினான்:
ஒருபக்கக் கடிதம், ஸ்கான் பண்ணி, எட்டு எம்பி,
நாற்பத்திரண்டு பேருக்கு.
நாற்பத்திரண்டு பேரும் அதைப் பொதுக் கோப்புறையில்
பத்திரமாகச் சேமித்தோம்.

ஸ்டான்லி வீதிக் கந்தோரில்
எல்லாருக்கும் சொந்தமானது அந்தக் கோப்புறை ஒன்றுதான்.
அதனால் யாரும் கூட்டுவதில்லை.
திறந்தேன். அடியில் சிவப்புக் கோடு,
விளிம்புவரை.

கிணற்றுப் பதிவு.
கிணற்றுப் பதிவு புதியது.
கிணற்றுப் பதிவு இறுதி.
உண்மையான இறுதி.
பவளராணி இதைத் தொட வேண்டாம்.
பவளராணி இதைத் தொட வேண்டாம், நகல்.

ஒன்று பழைய பாமினியில் அடித்தது.
என் புதுக் கணினிக்கு அந்த எழுத்துருவைத் தெரியாது,
fpzW fpzW fpzW என்று
பக்கம் முழுக்கப் புலம்பியது.
தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்ற பவளராணி
"கிணறு, கிணறு, கிணறு" என்று வாசித்துவிட்டுப் போனா.
இருபது வருசம் அந்த விசைகளில் கிடந்த விரல்கள்.

உண்மையான இறுதி திறக்க மறுத்தது.
கமலதாசன் திருத்திக்கொண்டிருக்கிறாராம்.
கமலதாசன் பங்குனியிலேயே வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனவர்.
அடுத்த அறையில் அவருடைய கணினி மட்டும்
கடவுச்சொல் தெரிந்த ஆளில்லாமல்
ஐந்து மாதமாய் விழித்திருந்தது.
சுவரில் ஆளியை அமத்தினேன்.
இந்தப் பக்கம் பூட்டுக் கழன்றது.

வரிசை நாற்பத்தொன்று. நெடுந்தீவு மேற்கு.
செபமாலை எலிசபெத்தின் வீட்டுக் கிணறு.
இறுதியில்: உவர்.
உண்மையான இறுதியில்: குடிக்கலாம்.
ஒன்றை அழிக்க வேண்டும்.
சுட்டி ஒன்றின் மேல் நின்றது, மற்றதின் மேல் நின்றது.

றெக்ஸனுக்கு எடுத்தேன்.
கிணற்றுப் படங்களை மெயிலில் போட்டு
பெரிசு, பெரிசு என்று மூன்று முறை திரும்பி வர,
பென்டிரைவை மாத்திரை உறைக்குள் வைத்து
வள்ளத்தில் ஏற்றி, குறிகாட்டுவானில் பஸ்காரனிடம் கொடுத்தனுப்புகிற றெக்ஸன்.
அலை இரைச்சலுக்கு நடுவே சொன்னான்:
"அக்கா, ரெண்டும் சரி.
ஒண்டு ஆவணியிலை அளந்தது, மற்றது மார்கழியிலை.
மழை விழுந்தா மேலை நல்ல தண்ணி நிக்கும்.
வாளியைத் தாட்டியள் எண்டா உப்பு."

அளந்த மாதத்துக்கு
எங்கள் படிவத்தில் நிரல் இல்லை.

அனுப்பியவற்றைத் தேடினேன்.
தை பதினேழு, கொழும்புக்கு:
பவுசர் தண்ணி தேவைப்படாதோர் பட்டியல்.
'இணைப்பைக் காண்க' என்ற ஒரேயொரு வரி.
கீழே என் பெயர், என் பதவி, என் தொலைபேசி இலக்கம்.
வெளியில் ஆவணி வெயில்.
இன்றைக்கு வாளி எங்கே போய்த் தொடுகிறதோ.

இறுதி என்ற சொல்லை இரண்டு கோப்பிலும் அழித்தேன்.
ஒன்றுக்கு ஆவணி என்றும்
ஒன்றுக்கு மார்கழி என்றும் பெயர் வைத்தேன்.
இடம் வேண்டுமே;
பணிப்பாளரின் பிரியாவிடை வீடியோவைத் தூக்கினேன், இரண்டு ஜிபி,
கேக் வெட்டுவதற்கு முந்திய பேச்சுகள் உட்பட.
கோடு ஒரு மயிரிழை பின்வாங்கியது.

பிறகு கொழும்புக்கு எழுதினேன்,
எதையும் கொழுவாமல், கடிதத்துக்குள்ளேயே:
வரிசை நாற்பத்தொன்று தவறு. தவறு என்னுடையது.
ஆவணியில் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது.
பவுசரை மீண்டும் அனுப்புங்கள்.

நாலு நிமிடத்தில் பதில் வந்தது.
தயவுசெய்து இணைப்பாக அனுப்பி வைக்கவும்.

புதுக் கோப்பு ஒன்று திறந்தேன்.
சேமிக்கப் போனால்
பெயர் கேட்கிறது.